மயன் கட்டியதா, மௌரியர் கட்டியதா?

பாட்னா ஜங்ஷனிலிருந்து, மௌரியர் தலைநகர் பாடலிபுத்திரத்தின் மிச்சங்கள் கிடைத்த கும்ரார் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் ஒரு பூங்கா வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே முந்தின நாள் மழையில் ஊறிய புல்வெளி, மரத்தடியில் ஜோடிகள். மௌரியர்களின் 80 தூண் மண்டபத்தை மட்டும் காணோம். காவலாளியிடம் கேட்டேன். "அதுக்கு மேலதான் நிக்கிறீங்க" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். தோண்டிய குழியில் நிலத்தடி நீர் ஊறிக்கொண்டே இருந்ததால் மண்ணைப் போட்டு மூடிவிட்டார்களாம்.

நான் வந்தது மௌரியர்களுக்காக மட்டும் அல்ல, மயனுக்காகவும்தான். மகாபாரதத்தில் அசுரத் தச்சன் மயன் பாண்டவர்களுக்காகப் பதினான்கு மாதத்தில் கட்டிய சபையில், பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து துரியோதனன் உடுப்பைத் தூக்கிப் பிடிப்பான். அப்புறம் தண்ணீரைத் தரை என்று நினைத்துத் தொப்பென்று விழுவான். (திரௌபதி சிரித்தாள் என்றுதான் கேட்டு வளர்ந்தோம். சபா பருவத்தில் அவன் விழுந்ததும் சிரிப்பது பீமனும் வேலையாட்களும்.)

1913இல் இங்கே தோண்டிய தொல்லியலாளர் ஸ்பூனருக்கும் அதே சபைதான் மனத்தில் ஓடியிருக்கிறது. செலவை ஏற்றவர் சர் ரத்தன் டாடா. ஜாம்ஷெட்ஜியின் மகன், நம் காலத்து ரத்தன் அல்ல. தோண்டத் தோண்டக் கிடைத்தது முழுத் தூண்கள் அல்ல, சாம்பல். பதினைந்து அடிக்கு ஒன்றாக, வரிசை பிசகாமல் வட்ட வட்டமாகச் சாம்பல். மண்டபம் எரிந்தபின் கனமான தூண்கள் ஈர மண்ணில் நேராக இறங்கிவிட்டன, அந்தத் துளைகளில் சாம்பல் நிறைந்தது என்பது அவர் கணக்கு. 1950களில் மறுபடி தோண்டியவர்கள் அதை ஏற்கவில்லை.

ஸ்பூனர் அதோடு நிற்கவில்லை. தூண் வரிசை பாரசீகத்துப் பெர்சிபோலிஸ் அரண்மனையை நினைவூட்டவே, அசுர மயன் என்பவன் பாரசீகர்களின் கடவுள் அகுர மஸ்தாதான் என்று 1915இல் எழுதினார். எனக்கு இது பெயர் ஒலியைப் பிடித்துத் தொங்குவதாகத்தான் படுகிறது. ஆனால் சீனத்திலிருந்து வந்த ஃபாஹியானே இந்த ஊரில் அசோகரின் அரண்மனையைப் பார்த்துவிட்டுப் பூதங்கள் கட்டியது என்று எழுதியிருக்கிறார். ஸ்பூனரை மட்டும் குறை சொல்வானேன்?

ஒரு கூரையின் கீழ் உடைந்த தூண் ஒன்று படுத்துக் கிடக்கிறது. நேரே பார்த்தால் சாதாரண மணற்கல். குனிந்து சாய்வாகப் பார்த்தேன், எண்ணெய் தடவியதுபோல் வெளிச்சம் வழுக்கி ஓடியது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த கல்! பளிங்கைத் தண்ணீர் என்று நினைத்தவனை அதன்பிறகு என்னால் கேலி செய்ய முடியவில்லை. என்ன, இங்கே தரை மரப்பலகை என்கிறார்கள்.

இந்த ஊரின் தண்ணீர் நம் புலவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அகநானூறு 265இல், பிரிந்துபோனவர் தேடிப் போனது நந்தர்கள் பாடலியில் சேர்த்துக் கங்கை நீருக்கடியில் மறைத்த நிதியையா என்று மாமூலனாரின் தலைவி கேட்பாள். அந்த வரியை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடந்தேன். புல்தரை என்று நம்பி வைத்த கால் கணுக்கால் வரை தண்ணீரில் இறங்கியது.

காவலாளி மறுபடியும் சிரித்தார்.