சொந்த ஊரில் காசு கொடுத்து நடந்தோம்

மதுரைக்காரன் மதுரையிலேயே வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதா என்று அம்மாவுக்கு ஒரே எரிச்சல். கோவையிலிருந்து வந்திருந்த தங்கச்சி மாப்பிள்ளைதான், வழிகாட்டியோடு கடை கடையாக நடந்து சாப்பிட்டுப் பார்க்கும் உணவு நடைக்குப் பதிவு செய்திருந்தார். "சும்மா வாங்க மச்சான்" என்று இழுத்துப்போனார்.

விளக்குத்தூணில் சேர்ந்தோம். கூட்டிப்போன தம்பிக்கு விஷயம் தெரிந்திருந்தது. 1840களில் கோட்டையை இடித்து ஊரை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட தூண் அது. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் தெருப் பெயர்களாகவே ஆகிவிட்டார்கள். நானும் அந்தத் தெருக்களில் சைக்கிள் மிதித்து வளர்ந்தவன்தான். யார் அந்த மேஸ்திரி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஆனால் சாப்பாட்டு வரிசையில் எனக்கு உடன்பாடில்லை. எடுத்த எடுப்பில் ஜிகர்தண்டா! சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். அதைக் குடித்த வயிற்றில் அப்புறம் எதுதான் இறங்கும்? கேட்டேன். "வெளியூர்க்காரங்க அதைத்தாண்ணே முதல்ல கேட்கிறாங்க" என்றான். சரி, அவன் பிழைப்பு அவனுக்கு.

அடுத்தது தள்ளுவண்டியில் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவு கரைத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவார்கள். பருத்தியைக் குடிப்பதா என்று தயங்கிய மாப்பிள்ளை, தேங்காய்ப்பூ தூவிய இரண்டாவது டம்ளரைத் தானே கேட்டு வாங்கினார்.

எனக்குப் பிடித்தது மகால் பக்கத்துச் சந்துதான். நாயக்கர் மகாலைச் சுற்றி சௌராஷ்டிரர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பட்டு நெசவுக்குப் பேர்போனவர்கள். சாயங்காலம் வாசலில் அடுப்பு வைத்து ஓர் அம்மா முள்ளு முருங்கை அடை போட்டுக்கொண்டிருந்தார். அரிசியோடு அந்த இலையை அரைப்பதால் அடை நல்ல பச்சையாக இருக்கும். மேலே காரப்பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று எங்கள் வீட்டிலும் சொல்வதுண்டு; நான் ருசிக்காகத்தான் தின்றேன். லேசான கசப்பு, ஓரத்தில் மொறுமொறுப்பு. "இன்னொண்ணு போடவா தம்பி?" என்று அவர் கேட்டபோது வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தான். நான் பார்க்கவில்லை.

கடைசியில் கறி தோசை. கல்லில் மாவு, அதன்மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, திருப்பிப் போட்டு ஒரு அழுத்து. மாப்பிள்ளை பாதியிலேயே கையெடுத்துவிட்டார். ஜிகர்தண்டாவின் வேலை. மீதியை நான் முடித்தேன்.

நீங்கள் போனால் அடையில் ஆரம்பியுங்கள். ஜிகர்தண்டா ராத்திரி பத்து மணிக்கும் கிடைக்கும்.