அந்த ஒரு ‘தானே’

விடியற்காலை நான்கு மணிக்கு அவர் சொன்னது, “போதும் என்று தோன்றுகிறது சார்” என்பதுதான். நான், “இன்னும் மூன்று மணி நேரம்தான், நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?” என்றேன். சிறிது நேரம் என்னையே பார்த்துவிட்டு, “ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறேன்” என்றார். பதிவேட்டில் ‘தொடர்கிறார்’ என்று எழுதினேன். எங்கள் தூக்க ஆய்வுக்காக 48 மணி நேரம் விழித்திருக்க ஒப்புக்கொண்டிருந்த அந்த இளைஞருக்கு அப்போது 45 மணி நேரம் முடிந்திருந்தது.

எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று சம்மதப் படிவத்தில் இருந்தது. அவர் சொன்ன ‘போதும்’ விலகலா, வெறும் புலம்பலா? புலம்பல் என்றே எடுத்துக்கொண்டேன். அதற்குக் காரணமும் இருந்தது. விடியலுக்கு முந்தைய அந்த நேரத்தில் உடல் வெப்பநிலை மிகவும் தாழ்ந்திருக்கும், தூக்கம் உச்சத்தில் அழுத்தும். பிறகு, ஒரு நிமிடம்கூடத் தூங்காவிட்டாலும், உடலின் உள்கடிகாரம் காலையில் ஓரளவு தெளிவைத் திருப்பித் தரும். நான்கு மணிக்கு ‘போதும்’ என்றவர்கள் ஏழு மணிக்குச் சிரித்துக்கொண்டே போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவரும் ஆறரை மணிக்குத் தெளிந்த முகத்தோடுதான் இருந்தார்.

ஆனாலும் அந்தத் ‘தானே’ என்னை விடவில்லை. ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று நான் கேட்கவில்லை. பதிலை என் வாயில் வைத்துக்கொண்டு, அதற்குத் தலையாட்டச் சொன்னேன். அதுவும் யாரிடம்? 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ 14 நாட்கள் தூங்கிய ஆரோக்கியமானவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவுகள் அறவே தூங்காதவர்களின் நிலைக்கு வந்தது. அவர்களோ தங்களுக்குச் சற்றுத்தான் தூக்கம் வருவதாக நினைத்தார்கள். தூக்கம் கெட்டவரிடமே அவர் நிலையைக் கேட்பது, பழுதான தராசையே நம்பி எடை போடுவது போன்றது. இதைப் புதிய ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

கேட்காமலே பார்த்திருக்கலாம். கவனத்தை அளக்கும் சோதனையில், திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை விநாடிக்கு மேல் தாமதித்தால் அது தவறிய கணம். முதல் நாள் அவருக்கு அப்படி ஒன்றுகூட இல்லை என்று சொல்லலாம். அந்த நேரத்திலோ அடுத்தடுத்துத் தவறின. இரண்டு முறை, கண்கள் திறந்திருக்க, சில விநாடிகள் அவர் அங்கே இல்லை. நுண்ணுறக்கம். தோளில் போர்த்தியிருந்தும் குளிர்கிறது என்றார், சிறு ஓசைக்கும் எரிச்சலடைந்தார். இவை அனைத்தும் என் கண்முன்னே நடந்தன. நல்ல பதிவு கிடைக்கிறது என்ற நிறைவுதான் அப்போது எனக்கு இருந்தது என்பதை எழுதக் கூசுகிறது.

வேறு விதமாகவும் யோசித்திருக்கிறேன். ஓர் இரவு தூங்காதவர்களின் மூளையில், வேதனை தரும் படங்களைக் கண்டதும், உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்ததை 2007-இல் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றது நம்பத்தகாதது போலவே ‘போதும்’ என்றதும் பெரிதாகிப்போன துன்பத்தின் குரல்தானே? இந்த வாதம் எனக்கு ஆறுதல் தருகிறது. அதனாலேயே அதை நான் சந்தேகிக்கிறேன். பெரிதாகிப்போனாலும் அது அவர் பட்ட துன்பம். படிவத்திலும் ‘தெளிந்த மனதோடு சொன்னால் மட்டும்’ என்று எழுதியிருக்கவில்லை.

என் மனமும் தெளிவாக இருந்ததா? பல வாரங்களாகப் பகலில் ஐந்து மணி நேரம் தூங்கிவந்த நான், முந்தைய நாள் காலை 11 மணிக்கு எழுந்தவன். விடியற்காலை நான்கு மணிக்கு எனக்கு 17 மணி நேரம் ஆகியிருந்தது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குத் தளர்கிறது என்று 1997-இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். ஏழு மணிக்கு அந்த இளைஞரை வண்டி ஓட்ட விடாமல் வேறொருவருடன் அனுப்பிவிட்டு, என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

மூன்று நாள் கழித்து இறுதிப் பரிசோதனைக்கு வந்தபோது, அந்த நான்கு மணிப் பேச்சைப் பற்றி அவரிடம் கேட்டேன். அப்படி ஏதும் சொன்னதாகவே அவருக்கு நினைவில்லை. தூக்கமில்லாத மூளை புதியவற்றைச் சரிவரப் பதிந்துகொள்வதில்லை என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பேச்சை நினைவில் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று அப்போது புரிந்தது. என் பதிவேட்டிலோ ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

அதன் பிறகு ‘தானே’ இல்லாமல்தான் கேட்டேன்: “எப்படி இருக்கிறது? நிறுத்திவிடலாமா?” அப்போதும் பெரும்பாலானவர்கள், விழிகள் செருக, “நன்றாகத்தான் இருக்கிறது” என்றார்கள். நானும் ‘தொடர்கிறார்’ என்றே எழுதினேன்.