5 ஓட்டை, 38 பல்

கிரவல் பைக் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னபோது, "கிரவல் ஏத்துறதுக்கா?" என்று கேட்டார். நம் ஊரில் கிரவல் என்றால் வீதிக்குக் கொட்டுகிற சிவப்பு மண்தானே, அவர் மேல் பிழையில்லை. கிரவல் பைக் என்றால் தார் வீதியிலும் கல் வீதியிலும் ஓடுகிற சைக்கிள். நான் வாங்கியது பாவித்தது. முன்னால் ஒரே ஒரு செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), 42 பல். பின் சில்லில் 11 பல்லில் இருந்து 42 பல் வரை பல சக்கரங்கள். வெள்ளவத்தையில் இருக்கிறவனுக்கு அது தாராளம். கொழும்பில் மலை என்றால் தெஹிவளை மேம்பாலம்தான், அதிலும் பின்னால் வரும் 100ஆம் நம்பர் பஸ்ஸின் ஹோர்ன் சத்தமே ஆளை மேலே ஏற்றிவிடும்.

இறம்பொடையில்தான் வண்டவாளம் தெரிந்தது. கம்பளையில் தொடங்கி புசல்லாவை தாண்டும்வரை மூச்சு வாங்கினாலும் ஓடிவிட்டோம், அப்புறம் ஒரு தோட்டத்து வீதிக்குள் திரும்பினால் கல்லும் குழியும் ஏற்றமும் ஒன்றாக வந்து நின்றன. முன்னால் 42, பின்னால் 42 என்றால் பெடல் ஒரு சுற்று, சில்லு ஒரு சுற்று, என் டயருக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கிலோமீற்றர் போகலாம். எனக்கு 40 சுற்றுகூட வரவில்லை. இறங்கித் தள்ளினேன். கொழுந்து எடுத்துவிட்டு வந்த அக்காமார் இரண்டு பேர், "ஏறி ஓட்டத்தானே தம்பி சைக்கிளு?" என்று சிரித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள்.

என் டெரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து அடுத்ததுக்கு மாற்றும் பாகம்) பின்னால் 42க்கு மேல் ஏற்காது, ஆகவே முன்பல்லைக் குறைப்பதுதான் மலிவான வழி. சின்ன செயின்ரிங் ஒன்று வாங்கினால் சரி என்று நினைத்துக்கொண்டு டாம் வீதிக்குப் போனேன். கடை நானா கிராங்கை, அதாவது பெடல் பூட்டுகிற தண்டை, குனிந்து பார்த்துவிட்டு, "பல்லக் கேக்காதீங்க மகன், ஓட்டைய அளந்துட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த காலத்து வேர்னியரைத் தேடி எடுத்தேன். செயின்ரிங்கைக் கிராங்கோடு பூட்டுகிற போல்ட்டுகள் எல்லாம் ஒரு வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, அந்த வட்டத்தின் விட்டம்தான் கணக்கு. 5 போல்ட் கிராங்கில் ஒரு போல்ட்டின் நடுவில் இருந்து பக்கத்துப் போல்ட்டின் நடு வரை 64.7 மில்லிமீற்றர் வந்தால் அது 110, 76.4 வந்தால் 130. 130இல் 38 பல்லுக்குக் கீழே இறங்க முடியாது, 110இல் 34 வரைக்கும் சாதாரணமாகக் கிடைக்கும். எனக்கு 110 வந்தது, பெரிய நிம்மதி. (ஷிமானோ கம்பனியின் ஜிஆர்எக்ஸ் கிராங்க் வைத்திருக்கிறவர்கள் இதைப் பார்த்து 5 ஓட்டை ரிங் வாங்கிவிட வேண்டாம். அதுவும் 110தான், ஆனால் 4 ஓட்டை, அதுவும் சம இடைவெளியில் இல்லை.)

நானா ஒரு பிஸ்கட் டின்னைக் கிண்டி, பழைய ரோட் பைக் ஒன்றின் உள்பக்க ரிங்கை எடுத்துத் தந்தார். 34 பல். "சரிவராட்டி கொண்டு வாங்க." அச்சாக உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வத்தளைப் பக்கம் ஹமில்டன் கால்வாய்க் கரையால் ஓடிப் பார்த்தேன், மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கி மூன்று தரம் செயின் கழன்றது. மூன்றாம் தரம் கையெல்லாம் கறுப்பு, முகத்தில் இருந்த கொசுவை அடித்ததில் முகமும் கறுப்பு.

காரணம் பல்லின் வடிவம். இரண்டு ரிங் இருக்கிற பைக்கில் செயினைப் பிடித்து வைக்க முன் டெரெய்லர் இருக்கும், எனக்கு அது இல்லை. ஒற்றை ரிங் என்றால் பல் ஒன்று தடிப்பு, அடுத்தது மெல்லிசு என்று மாறி மாறி வர வேண்டும், ஏனென்றால் செயினின் கண்ணிகளும் அப்படித்தான் ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம். அதனால்தான் இந்த வகையில் இரட்டை எண்ணில் மட்டுமே பல் வரும். 37 கேட்டால் கிடைக்காது.

கடைசியில் இலண்டன் மாமாவின் சூட்கேசில், சொக்லேட்டுக்கும் பனடோலுக்கும் நடுவில், 38 பல் ரிங் ஒன்று வந்தது. 36 எடுக்கத்தான் ஆசை, ஆனால் வருஷத்தில் 50 வாரம் நான் காலி வீதியில்தானே. 38க்கு 11 என்றால் நிமிடத்துக்கு 90 சுற்றில் மணிக்கு 41 கிலோமீற்றர், அந்த வீதியில் எனக்கு அவ்வளவு வெறுமையான இடம் கிடைத்ததே இல்லை. ஏற்றத்தில் ஒரு சுற்றுக்கு 2 மீற்றர் வரும். 20 சென்ரிமீற்றர்தான் குறைவு, ஆனால் முழங்கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

மாட்டும்போது ஒரு வேலை மட்டும் பொறுமையைச் சோதித்தது. அலன் கீயால் போல்ட்டைத் திருப்பினால் பின்னால் இருக்கிற நட்டும் கூடவே சுற்றும். தட்டை ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை அதன் வெட்டில் கொடுத்து, முழங்காலால் கிராங்கை அமத்திப் பிடித்துக்கொண்டுதான் இறுக்கினேன். முன்னால் 4 பல் குறைந்ததால் செயினில் 2 கண்ணி கழற்றினேன்.

34ஐத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பைக்கையும் கொண்டுபோனேன். நானா பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, ஒரு பல்லை விரலால் தடவி, அடுத்ததைத் தடவினார்.

"நல்ல சாமான். இது தேஞ்சா எங்க எடுப்பீங்க?"

"மாமா அடுத்த வருஷமும் வருவார் நானா."

34 பிஸ்கட் டின்னுக்குள் போனது.