கரப்பானும் கத்தரிக்காயும்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. மார்கழி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வாரி அடிக்கும். பெரியவர்களுக்கே உதடு வெடிக்கும். அந்தக் காற்றோடுதான் என் மகனுக்கு நாலாம் மாதத்தில் ஆரம்பித்தது. கன்னத்தில் சிவப்பு, அப்புறம் சொரசொரப்பு, அப்புறம் நீர்க்கசிவு. விடியற்காலையில் தொட்டில் துணியை எடுத்தால் கடுகு கடுகாய் ரத்தப் பொட்டு. தூக்கத்திலேயே கன்னத்தைத் தேய்த்திருப்பான்.

அத்தை பார்த்ததும் "கரப்பான்" என்றார். டாக்டர்கள் எக்ஸிமா என்று சொல்லும் தோல் அரிப்புதான் அது. "வயித்துல இருக்கறப்ப கத்தரிக்காயும் கருவாடும் வேண்டாம்னு சொன்னனே அம்மிணி, கேட்டயா?" திட்டவில்லை, வருத்தம்தான். ஆனால் அது எனக்குள் இறங்கிவிட்டது. ஏழாம் மாதத்தில் ஆசையாகத் தின்ற எண்ணெய்க் கத்தரிக்காயை நினைத்து எத்தனை ராத்திரி அழுதிருப்பேன்! முட்டை, மீன், பால் எல்லாம் நிறுத்தி ரசஞ்சோறு தின்றேன். குழந்தையின் கரப்பான் குறையவில்லை, எனக்குத்தான் தலை சுற்றியது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ட்யூப் ஒரு வாரம் கேட்டது. நிறுத்தியதும் திரும்பி வந்தது.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். அவர் கத்தரிக்காயைப் பற்றிக் கேட்கவேயில்லை. "வீட்ல யாருக்காவது வீசிங், விடாத தும்மல் உண்டா?" என்றார். வீட்டுக்காரருக்குப் பத்து வயது வரை இளைப்பு. எனக்குக் காலையில் எழுந்தால் தும்மல்தான். "அதுதாம்மா பெரிய காரணம். ஓடு விலகின கூரை மாதிரி இந்தத் தோல். ஈரம் வெளியே போயிடும், வேண்டாதது உள்ளே வரும்." சில குழந்தைகளுக்குத் தோலைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு, அந்த மரபணுத் தொடர்பு 2006-இல் தெரியவந்தது என்றும் சொன்னார். கர்ப்பத்தில் எதை ஒதுக்கினாலும் எக்ஸிமாவைத் தடுத்ததாக ஆய்வுகள் காட்டவில்லையாம்.

அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. பிறந்த நாள் முதல் க்ரீம் தடவியிருந்தால் வந்திருக்காதோ? அதையும் பிரிட்டனில் 1,300-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் செய்து பார்த்து, பலனில்லை என்று 2020-இல் வெளியிட்டார்களாம். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. உப்புத் தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பு தெரிகிறது, ஆனால் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வாங்கி வைத்தால் குணமாகாது என்றார். வாங்க இருந்தோம், விட்டுவிட்டோம்.

உடனே நிறுத்தச் சொன்னது கடலை மாவுக் குளியலை. புண்பட்ட தோலில் உணவுப் பொருளைத் தேய்த்தால் அதற்கே அலர்ஜி பிடிக்கலாமாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடக் குளியல், ஒற்றி எடுத்து ஈரம் காயும் முன் க்ரீம், சிவந்த இடத்தில் மட்டும் அவர் எழுதிய ஸ்டீராய்டு, அவர் சொன்ன நாள் வரை. நான் மறுபடி முட்டை சாப்பிட ஆரம்பித்தேன்.

இரண்டாம் வாரம் தொட்டில் துணி வெள்ளையாக இருந்தது. இப்போது அவனுக்கு ஒன்றரை வயது. மார்கழியில் முழங்கால் மடிப்பில் இன்னும் வருகிறது. குளிப்பாட்டி எடுத்தால் க்ரீம் டப்பாவோடு வாசலில் நிற்பது அத்தைதான்.