ஜமக்காளக் கடையும் சோதனைக் கணக்குகளும்

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒரு கடைக்கு, இணையவழியில் பணம் பெறும் மென்பொருளை எழுதித் தந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஒரு காலையில் கடைக்காரர் அழைத்தார். "ஏனுங்க தம்பி, சேலத்துல இருந்து ஒருத்தரு ஒரே ஜமக்காளத்துக்கு ரெண்டு தடவ பணம் கட்டிருக்காருங்க. இப்ப ஒண்ணு அனுப்பறதுங்களா, ரெண்டு அனுப்பறதுங்களா?"

பதிவுகளைத் திறந்து பார்த்ததும் காரணம் விளங்கியது. அந்த வாடிக்கையாளர் யூபிஐ செயலியில் பணம் செலுத்திவிட்டு, எங்கள் பக்கத்துக்குத் திரும்பாமலேயே உலாவியை மூடியிருந்தார். அவர் திரும்பி வந்தால்தான் பணம் வந்ததாகக் குறிக்கும்படி நான் எழுதியிருந்ததால், வங்கியில் பணம் கழிந்த பின்னும் எங்கள் தளம் 'பணம் வரவில்லை' என்றே காட்டியது; அவரும் மறுபடி செலுத்தினார். உண்மைப் பணம் நகராத சோதனைக் கணக்கில் எத்தனையோ முறை பணம் கட்டிப் பார்த்த நான், ஒரு முறைகூடப் பாதியில் பக்கத்தை மூடிப் பார்க்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது. இரண்டாவது தொகையை அன்றே திருப்பி அனுப்பினோம்.

அதன் பிறகு சோதனைக் கணக்குகளை அமைக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். இணையவழிப் பணச்சேவையான பேபாலின் சோதனைத் தளமான சாண்ட்பாக்ஸில் விற்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் தொடக்கத்திலேயே கிடைக்கின்றன. அந்தப் பிரிவினையை எந்த நிறுவனத்தின் சேவையாக இருந்தாலும் நான் கடைப்பிடிக்கிறேன். ஸ்ட்ரைப் என்ற பணச்சேவையின் சோதனை முறையில், அட்டை எண்ணாக 4242 என்பதை நான்கு முறை எழுதினால் பணம் சென்றதாகக் காட்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட வேண்டியவை 4000 0000 0000 0002, 4000 0000 0000 9995 ஆகிய எண்கள். முன்னது அட்டை மறுக்கப்பட்டதையும், பின்னது கணக்கில் பணம் போதாததையும் காட்டும். அந்த நேரத்தில் வாங்குபவர் திரையில் என்ன வாசகம் தெரிகிறது, அது அவருக்குப் புரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கிறேன்.

ரேசர்பே என்ற பணச்சேவையில் தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும். 1,850 ரூபாய் ஜமக்காளத்துக்கு 1850 என்றே அனுப்பினால், பணம் செலுத்தும் பக்கத்தில் பதினெட்டு ரூபாய் ஐம்பது பைசா என்று வந்து நிற்கும். சோதனை முறையில் இதைக் கண்ணால் கண்ட பிறகு யாரும் மறக்க மாட்டார்கள்.

நான் அதிக நேரம் செலவிடுவது வெப்ஹூக்கில்தான். பணம் வந்த செய்தியைச் சேவை நிறுவனமே நம் சர்வருக்கு நேராகச் சொல்லும் வழி அது. உலாவி மூடப்பட்டாலும் செய்தி வந்து சேரும். ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம் என்பதால், பணப்பரிமாற்ற எண்ணைப் பதிந்துவைத்து, இரண்டாவது வருவதை ஒதுக்க வேண்டும். செய்தி அந்த நிறுவனத்திடமிருந்துதான் வந்தது என்று காட்டும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரகசியச் சொல்லைச் சோதனைக்கும், உண்மைப் பணம் புழங்கும் நேரலைக்கும் தனித்தனியாக வைக்கிறேன். கடையின் உண்மையான கணக்கோடு மென்பொருளை இணைக்கும் ரகசியக் குறியீடான நேரலைச் சாவியைக் கடைசி நாள் வரை கடைக்காரரிடம் கேட்டு வாங்குவதே இல்லை.

நேரலைக்குப் போகும் அன்று, என் சொந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் செலுத்தி, பாதியில் உலாவியை மூடி, ஆர்டர் சரியாகப் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த ஒரு ரூபாயைத் திருப்பி அனுப்பியும் பார்க்கிறேன். சோதனைக் கணக்கில் உண்மையான வங்கி எதுவும் இல்லை என்பதால், பணம் கைமாறுவதை அங்கே பார்க்க வழியில்லை.