ஊதா மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

டாக்ஸிக்கு 38 பவுண்டு கொடுத்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நம்ம ஊர்க் கணக்கில் 4,000 ரூபாய்க்கு மேல். சரி, அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் பூவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பிறந்ததும் அத்தான், "ஹெதர் பூத்திருக்கும், இந்த ஞாயிறே போய்ட்டு வந்துடு" என்றார். ஹெதர் என்பது இந்த ஊர் மலைகளில் ஊதாவாகப் பூக்கும் குட்டைப் புதர். அக்காவுக்கும் அவருக்கும் வேலை. நான் மட்டும் ரயில் ஏறினேன். டாட்லி சுரங்கத்துக்குள் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் ஒரே இருட்டு. வெளியே வந்தால் கிரிண்டில்ஃபோர்ட் நிலையம். அங்கிருந்தே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் ஏறத் தொடங்குகின்றன. 1951-ல் பிரிட்டனில் முதன்முதலாக அறிவித்த தேசியப் பூங்கா இதுதான்.

ஓடையை ஒட்டிய ஓக் காட்டில் ஏறி, லாங்ஷா புல்வெளியைத் தாண்டி, ஹிக்கர் டோர் பாறைமேட்டை நோக்கித் திரும்பினேன். அங்கே அப்படியே நின்றுவிட்டேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலை ஊதாவாக இருந்தது. 2018-ல் நீலக்குறிஞ்சி பார்க்க மூணாறுக்குப் போய், மழையில் ஒன்றும் பார்க்காமல் திரும்பியவன் நான். அந்த ஏக்கம் ஏழு கடல் தாண்டி இங்கே தீர்ந்தது. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். ஹெதர் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பூக்கிறது.

தூரத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். தயவுசெய்து முழங்கால் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஒரு பூ அரிசிமணி அளவுகூட இல்லை. முழங்கால் உயரப் புதரில் காம்புக்குக் காம்பு அது நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கிறது. தேன் வாசனை மூக்கில் ஏறுகிறது. நடுநடுவே பில்பெரி செடிகள். பழம் நாவல் பழம் மாதிரியே நாக்கை ஊதாவாக்கிவிட்டது, ஆனால் துவர்ப்பு இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் புழு கண்ணில் பட்டது. எம்பரர் என்ற பெரிய அந்துப்பூச்சியின் புழு, என் நடுவிரல் நீளம். பளபளக்கும் பச்சை உடம்பு, கணுவுக்குக் கணு கறுப்பு வளையம், வளையத்தின் மேல் மஞ்சள் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டிலிருந்தும் குட்டை முடிகள். இவ்வளவு பகட்டான உடம்பு ஹெதர் தண்டுகளுக்கு நடுவே போனதும் காணாமல் போய்விட்டது! வெளிச்சமும் நிழலும் துண்டு துண்டாக விழும் இடத்தில் அந்த வளையங்கள்தான் அதை மறைக்கின்றன. கால் மணி நேரம் அது இலை மெல்லுவதையே பார்த்தேன்.

கொஞ்சம் தள்ளி முட்செடிப் பூவில் காய்ந்த இலை போல ஒன்று. நிழல் பட்டதும் படாரென்று விரிந்தது. பீகாக் பட்டாம்பூச்சி. செம்பழுப்புச் சிறகில் நான்கு மயில்கண்கள். பறவை விரட்ட வந்தால் இப்படித்தான் திறந்து காட்டிப் பயமுறுத்துமாம். குளிர்காலம் முழுக்கப் பட்டாம்பூச்சியாகவே மரப்பொந்தில் தூங்கி, வசந்தத்தில் எழுந்து வரும். இந்த ஊர்க் குளிரில்!

பறவை பார்க்க மட்டும் ஆகஸ்ட் சரியான மாதம் இல்லை. பாட்டெல்லாம் ஓய்ந்துவிடுகிறது. நெட்டைக்காலி என்ற சின்னப் பறவைகள் கூட்டமாகக் கிளம்பி அமர்ந்தன. வீட்டியர் என்ற குட்டிப் பறவை ஒன்று பாறைக்குப் பாறை தாவித் தன் வெள்ளைப் பிட்டத்தைக் காட்டியது. இன்னும் சில வாரங்களில் அந்தச் சின்ன உடம்பு ஆப்பிரிக்கா போய்ச் சேரும். திடீரென்று காலடியிலிருந்து ஒரு சிவப்பு க்ரௌஸ் படபடத்துக் கிளம்பியது. நம்ம கௌதாரிக்குச் சொந்தக்காரன். "கோ-பேக், கோ-பேக்" என்று கத்துவதாக ஊர்க்காரர்கள் சொல்வார்கள், எனக்கும் அப்படியே கேட்டது. இந்தப் பறவையைச் சுடுவதற்காகவே பிரிட்டனில் பல மலைகளில் ஹெதரைப் பகுதி பகுதியாக எரித்து வளர்க்கிறார்கள். ஆகஸ்ட் 12 வேட்டை தொடங்கும் நாள். எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. லாங்ஷாவும் ஒரு காலத்தில் ரட்லண்ட் பிரபுவின் வேட்டை நிலம்தான். 1920களின் இறுதியில் விற்பனைக்கு வந்தபோது ஷெஃபீல்ட் மக்கள் பணம் திரட்டி வாங்கி, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். அந்த மக்களுக்குப் பெரிய கும்பிடு.

மதியம் பாறை மேல் அக்கா கட்டிக்கொடுத்த புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும். வழியில் இருந்த கடையில் ஒரு வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 9 பவுண்டு போட்டிருந்தார்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

இனி டாக்ஸி கதை. மாலை 5 மணிக்கு மேல் பேருந்து என்று நிறுத்தத்தில் எழுதியிருந்தது. ஒரு மணி நேரம் நின்றேன், வரவில்லை. போனில் சிக்னல் இல்லை, காற்று எலும்பைக் குத்தியது. 3 பவுண்டில் முடிய வேண்டிய பயணம். கடைசியில் அந்தப் பக்கம் வந்த டாக்ஸிக்காரர், "ஞாயிறு ரேட்" என்று மீட்டரே போடாமல் 38 வாங்கினார். பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது! நீங்கள் போனால் பேருந்தை நம்பாமல் இறக்கத்தில் நடந்து கிரிண்டில்ஃபோர்ட் ரயிலையே பிடியுங்கள். திரும்புகிற ரயில் நேரத்தைக் காலையிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கால் சட்டை கட்டாயம், புதரில் உண்ணி இருக்கிறது.

ஒரு செலவு மட்டும் உறுத்தவே இல்லை. ஒரு பண்ணை வாசல் மேசையில் ஹெதர் தேன், 9 பவுண்டு. பூக்கும் காலத்தில் தேன்பெட்டிகளை மலைக்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்தத் தேன் அல்வா பதத்தில் இறுகியிருக்கும், மற்ற தேன் மாதிரி சுழற்றி எடுக்க முடியாது, அடையைப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். ராத்திரி அக்கா ஒரு கரண்டி எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாள். விழவில்லை. சூடான தோசை மேல் வைத்ததும்தான் மெல்ல இளகி ஓடியது. லேசான கசப்போடு, காலையில் மூக்கில் ஏறிய அதே வாசனை.