இரண்டு யூரோ படகு

கால் வைத்ததும் படகு ஆடியது. படகோட்டி என் முழங்கையைத் தாங்கி உள்ளே இறக்கிவிட்டார். மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வெனிஸில் கொண்டோலா என்ற நீளப் படகில் அரை மணி நேர சவாரிக்கு 90 யூரோ. எங்களுக்கு அது இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. தங்கியிருப்பதே செலவு குறைவு என்று மெஸ்த்ரேயில். ரயிலில் பத்து நிமிடம்.

அதனால் காலையிலேயே சாந்தா சோஃபியா துறைக்கு வந்துவிட்டோம். இங்கே திராகெத்தோ என்ற அக்கரைப் படகு உண்டு. முன்னும் பின்னுமாக இருவர் துடுப்புப் போட்டு, பெரிய கால்வாயைக் கடந்து ரியால்டோ சந்தைப் பக்கம் விடுவார்கள். ஆளுக்கு 2 யூரோ.

எங்களோடு ஒரு பாட்டி. தோளில் துணிப்பை. எதையும் பிடிக்காமல் நின்றபடியே வந்தார். படகு சாய்ந்தால் அவரும் கூடவே சாய்ந்து நிமிர்ந்தார். கண் மட்டும் அக்கரையில்.

நான் அரண்மனைகளைப் பார்க்க மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாம் காதல் நகரம் என்கிறோம். அவருக்கு இது காய் வாங்கப் போகும் தெரு. அந்தத் தெருவில் இரண்டு நிமிடம் நாங்களும் நடந்த மாதிரி இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அக்கரையில் மீன் வாடை. பாட்டி விறுவிறுவென்று போய்விட்டார்.

இவள் இன்னும் என் கையை விடவில்லை.